மேட்டில் பேச மூச்சு வேண்டும்

சந்திரமோகனிடம் யாராவது நல்ல வார்த்தை சொன்னால் அவனுக்கு முதலில் நன்றி தோன்றாது. வரப்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் தோன்றும். அதற்கு முழுப் பொறுப்பும் அவன் சித்தப்பா பரசுராமன்.

ஆரணிக்குப் பக்கத்தில் இவர்கள் வீட்டு நெல்வயலும் சித்தப்பாவின் வயலும் ஒட்டிக் கிடந்தன. நடுவில் ஒரே வரப்பு. நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்கிச் சேறு பூசவேண்டும். அப்பா போன பிறகு மோகன்தான் மண்வெட்டியோடு போவான். சித்தப்பாவுக்குப் பாசம் பொங்கிவிடும். "நைனா, வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற? ஊட்டுக்குப் போய் சித்திகிட்ட மோர் வாங்கிக் குடி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." மோர் உண்மையிலேயே நன்றாக இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, குறை சொல்ல முடியாத மோர். குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் வரப்பு இவன் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கும். ஒவ்வொரு போகமும் ஒரு சாண். அவனுக்கு உறைப்பதற்குள் ஒரு பாத்தி அளவு நிலம் சித்தப்பா பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. பஞ்சாயத்தில் கேட்டதற்கு, "புள்ளைக்கு மோர் குடுத்தது குத்தமா?" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரே உச்சுக் கொட்டியது, அதுவும் சித்தப்பாவுக்காக.

மண்வெட்டியை வீசிவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவன் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். அங்கே அவனுக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் அர்ஷத். பழவேற்காட்டுக்காரன். அவனுடைய வாப்பா அப்துல் ரவூப் கருவாட்டு வியாபாரி. வேனில் சரக்கேற்றிக்கொண்டு மேற்கே பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை வரைக்கும் சந்தைக்குச் சந்தை போகிறவர். அந்த வாடையில் உட்கார மனமில்லாமல்தான் அர்ஷத் ஆலைக்கு வந்தான். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் சூடு தின்றார்கள். இரண்டு பேருக்கும் ஓடப் பிடிக்கும். ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் டீக்கடையில் சாயும்போது இவர்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் சில சேர்ந்து ஒரு மாரத்தானுக்கு ஏற்பாடு செய்தன. பொங்கல் கழிந்து நடக்கும். பொதட்டூர்பேட்டையில் கிளம்பி, மலைக்கரடுகளைச் சுற்றி ஏறி இறங்கி, ஆர்.கே.பேட்டை மைதானத்தில் முடியும். இவர்கள் ஆலையில் அதோடு ஒரு தூண்டிலையும் போட்டார்கள். நம் ஆலைக் கான்ட்ராக்ட் ஆட்களில் எவன் முதலில் வந்து சேருகிறானோ அவன் பெர்மனென்ட். ஒரே ஒரு இடம். மற்றவர்களுக்குக் கையில் ஒரு டீ-ஷர்ட்.

அதே வாரம் இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. கான்ட்ராக்டர் மாறுகிறான். புதியவன் தன் ஆட்களைக் கொண்டு வருவான். பழையவர்கள் எல்லோரும் மாசி பிறப்பதற்குள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மோகனின் மனைவி கல்பனா மாசமாக இருந்தாள். திரும்பி ஊருக்குப் போனால் சித்தப்பா வாசலில் நின்று, "வா நைனா, மோர் குடிக்கிறியா?" என்று கேட்பார். அதற்குப் பதில் கம்பி உலையில் குதித்துவிடலாம் என்று மோகனுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே அர்ஷத், "ரெண்டு பேரும் சேந்தே பழகலாண்டா" என்றான். மோகன் தலையாட்டினான். ஆனால் ஆலையில் இவனை ஓட்டத்தில் தோற்கடிக்கக்கூடிய ஆள் அந்த அர்ஷத் ஒருவன்தான். அர்ஷத்துக்கும் இவன் ஒருவன்தான். அப்படியிருக்க, சேர்ந்து பழகலாம் என்று ஒருவன் ஏன் கூப்பிட வேண்டும்?

கும்மிடிப்பூண்டியில் மலைக்கு எங்கே போவது? எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான பூமி. இருக்கிற ஒரே மேடு ரயில் பாதைக்கு மேலே போகும் ஓவர் பிரிட்ஜ்தான். லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு அதில் ஏறி இறங்கினார்கள், திரும்ப ஏறி இறங்கினார்கள். மோகன் பாலத்தைப் பார்த்தால் எகிறிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிக்குப் போய் நின்று, கீழே நிதானமாக வரும் அர்ஷத்தைப் பார்த்துச் சிரிப்பான்.

"மோகன், இது பாலம்டா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அங்க மேடு முடியவே முடியாது. வாப்பா கூட வேன்ல போறப்ப பாத்துக்கீறேன். வேனே முனகும். மேட்டுல வேகத்தப் பாக்காதே, மூச்சப் பாரு. பேசிக்கினே ஓட முடியணும். பேச வரலைன்னா நீ தப்பு பண்றேன்னு அர்த்தம். எவன் முந்தினாலும் வுட்டுடு."

"வுட்டுட்டா?"

"இறக்கத்துல புடிச்சிக்கலாம். இறக்கத்துல பிரேக் போடாதே, தொடை செத்துடும். சின்ன சின்ன அடியா வுழுந்துக்கினே போ. மொத பாதி சும்மா தொணைக்கு வர்றவன் மாதிரி வா. ஓட்டமே ரெண்டாவது பாதிலதான்."

மோகன் காதில் மற்றதெல்லாம் போகவில்லை. 'எவன் முந்தினாலும் விட்டுவிடு' என்பது மட்டும் நன்றாகப் போயிற்று. முந்தப்போகிற அந்த எவன் யார்?

வீட்டுக்கு வந்து கல்பனாவிடம் சொன்னான். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இருக்கறது ஒரே எடம். அவனும் ஓடறான், நீயும் ஓடற. அவன் எதுக்கு மாமா உனக்கு இதெல்லாம் சொல்லித் தரான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி கீரையில் மூழ்கிவிட்டாள். அவளுக்கு அது ஒரு பேச்சு. மோகனுக்கு அது போதும். இரவெல்லாம் புரண்டான்.

ரம்ஜான் மாதம் வந்தது. அர்ஷத் நோன்பு. உலை முன்னால் பகலெல்லாம் எச்சிலைக்கூட விழுங்காமல் நின்றுவிட்டு, நோன்பு திறப்பதற்கு முன்னால் ஓட வருவான். மெதுவாக ஓடுவான். பாலத்தில் ஏறும்போது கிட்டத்தட்ட நடப்பான். ஓட்டம் பள்ளிவாசல் தெருவில் முடியும். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு குவளை நோன்புக் கஞ்சி. மோகனுக்கும் ஒரு குவளை வாங்கித் தருவான்.

"தண்ணி இல்லாம ஓடறப்பதாண்டா தெரியுது. உடம்புல இருக்கறத பாத்துப் பாத்து எடுக்கணும். மொதல்லயே எடுத்துட்டா கடைசில ஒண்ணும் கிடைக்காது. மலைலயும் இதே கதைதான்."

கஞ்சி நன்றாக இருந்தது. அதுதான் மோகனுக்குப் பிடிக்கவில்லை. நல்ல கஞ்சியும் நல்ல மோரும் அவன் வரையில் ஒரே சாதி. இவன் மெதுவாக ஓடுகிறானா, மெதுவாக ஓடுவது போல நடிக்கிறானா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். நோன்பு வைத்த மனிதன் உதடு வெடித்து ஓடுவதை நடிப்பு என்று நினைக்க எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டும்! மோகனுக்கு அது தாராளமாக இருந்தது.

பெருநாள் முடிந்த வாரம் இன்னொன்று நடந்தது. பர்சனல் ஆபீசர் ஜெயராஜின் அறையிலிருந்து அர்ஷத் வெளியே வந்ததை மோகன் பார்த்துவிட்டான். அந்தக் கதவுக்குள் கான்ட்ராக்ட் ஆள் போவது என்றால் ஒன்று சண்டை, இல்லை சலுகை. அர்ஷத் முகத்தில் சண்டை இல்லை.

"இன்னாடா, ஆபீசர் ரூம்ல?"

"ஒண்ணும் இல்ல. சும்மா ஷிப்ட் விஷயமா" என்றான் அர்ஷத்.

அடுத்த வாரத்திலிருந்து அர்ஷத்துக்கு முதல் ஷிப்ட் விழுந்தது. சாயங்காலம் முழுக்க ஓடப் பொழுது. மோகனுக்கும் முதல் ஷிப்ட்தான் விழுந்தது. ஆனால் அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. தனக்குக் கிடைத்தது தானாகக் கிடைத்தது, அடுத்தவனுக்குக் கிடைத்தது மட்டும் ஆள் பிடித்துக் கிடைத்தது என்றுதான் அவன் புத்தி கணக்குப் போட்டது.

மார்கழியில் ஒரு விடுமுறை நாள், அர்ஷத் வழியை விளக்கினான். மொத்தம் மூன்று மேடு. முதலாவது நீளம். இரண்டாவது வளைவு. மூன்றாவது கண்ணுக்கே தெரியாது, ரோடு சமமாகப் போவது போலவே இருக்கும், ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும். ஆளைக் கொல்வது அதுதான். "மூணாவதுக்கு மிச்சம் வெச்சுக்கோ" என்றான்.

மோகன் யாரிடமும் சொல்லாமல் மறுநாளே லீவு போட்டுவிட்டுத் திருத்தணிக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறி, அந்த வழி முழுவதையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தான். மூன்று மேடுதான் இருந்தது. முதலாவது நீளம். இரண்டாவது வளைவு. மூன்றாவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் டிரைவர் கியரை மாற்றினார். அர்ஷத் சொன்னதில் ஓர் எழுத்து பிசகவில்லை. அதைப் பார்த்ததும் நிம்மதி வரவேண்டும். மோகனுக்கு முன்னிலும் அதிகமாகப் பயம் வந்தது. பொய் சொல்கிறவனை எப்படிச் சமாளிப்பது என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்கிறவன் எந்த இடத்தில் வரப்பை நகர்த்தப் போகிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்ட நாள் வந்தது. பொதட்டூர்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் மலைகள் கறுப்பாகத் தெரிந்தன. அர்ஷத் வாப்பாவின் வேனிலேயே வந்து இறங்கினான், கையில் இரண்டு துணிப் பொட்டலங்கள். ஒன்று வெள்ளைத் துணி, ஒன்று பச்சை.

"பேரீச்சம்பழம்டா. இடுப்புல கட்டிக்கோ. மொத மேடு முடிஞ்சதும் ஒண்ணு, ரெண்டாவது முடிஞ்சதும் ஒண்ணு. வெறும் வயித்தோட மூணாவது ஏறாதே." வெள்ளையை மோகன் கையில் வைத்தான். பச்சையைக் கழற்றி வைத்திருந்த தன் சட்டைமேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

மோகன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் இரண்டு நிறம்? எதை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தெரியத்தானே நிறம்? இதில் என்ன தடவியிருக்கிறானோ. நடுவழியில் வயிற்றைக் கலக்கினால் போதாதா? பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியைப் பிரித்தான், பச்சைத் துணியைப் பிரித்தான், பழங்களை இடம் மாற்றிக் கட்டினான். வெள்ளைத் துணிக்குள் இப்போது அர்ஷத்தின் பழம். அப்பாடா என்று இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் நான் என்றும் இருந்தது.

விசில் ஊதினார்கள். பல கம்பெனி ஆட்களும் கும்பலாகக் கிளம்பினார்கள். அவர்களில் யார் முன்னால் போனாலும் மோகனுக்குக் கவலையில்லை. இவர்கள் ஆலை ஆட்களில் மற்றவர்கள் சீக்கிரமே மூச்சு வாங்கிப் பின்னால் தங்கிவிட்டார்கள். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் மேடு ஆரம்பித்ததும் அர்ஷத் அடியைக் குறைத்தான். "பேசிக்கினே வா" என்றான். மோகனுக்கு அந்த நொடியில் எல்லாம் தெளிவாகிவிட்டது போல இருந்தது. இவன் என்னைப் பேச்சில் கட்டிப் போடுகிறான். மோர் குடி என்கிறான். மோகன் எகிறினான். ஓவர் பிரிட்ஜில் எகிறுகிற அதே எகிறல்.

"வேணாண்டா மோகன்! மேடு நீளம்டா!" என்று பின்னால் அர்ஷத் கத்தினான்.

கத்துகிறான் பார், கத்தமாட்டானா பின்னே? மோகன் இன்னும் வேகத்தைக் கூட்டினான். பாலமாக இருந்தால் உச்சி வந்திருக்கவேண்டிய இடத்தில் இங்கே ஒரு புளியமரம்தான் வந்தது. அதற்கு அப்பால் மறுபடி மேடு. அதற்கும் அப்பால் மேடு. இந்த உச்சி எப்போது வரும் என்று உடம்பு கேட்டது, இதோ இதோ என்று மனசு ஏமாற்றியது. ஒருவழியாக ஏறி முடித்தபோது காது அடைத்திருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் அர்ஷத் வெகு கீழே, ஒரு சின்னப் புள்ளியாக வந்துகொண்டிருந்தான். மோகனுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவே இருந்தது.

இறக்கத்தில் விழுந்துவிடுவோமோ என்று காலை ஊன்றி ஊன்றிப் பிரேக் போட்டான். தொடை நடுங்க ஆரம்பித்தது. பொட்டலத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டு அவசரமாகக் கடித்தான். கொட்டை நறுக்கென்று பல்லில் மாட்டியது. உயிர் போனது. ஓடுகிற வாயில் மூச்சு வாங்குவதா, கொட்டையைத் துப்புவதா? பாதிப் பழத்தோடு சேர்த்துத் துப்பினான். இவன் தின்கிற பழமே இப்படி என்றால் எனக்குக் கொடுத்தது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மீதிப் பழங்களைக் கொட்டையைத் துழாவித் துழாவித் தின்றான்.

இரண்டாவது மேட்டின் வளைவுகளில் அவன் நடக்கவேண்டி வந்தது. நடந்தான், ஓடினான், மறுபடி நடந்தான். வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள், "தண்ணி குடிச்சிட்டுப் போப்பா" என்று செம்பை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனான். முன்பின் தெரியாதவள் எதற்குத் தண்ணீர் தருகிறாள்?

மூன்றாவது மேட்டில் எல்லாம் முடிந்தது. சமமான ரோடுதான் என்று கண் சொன்னது. கால் நகரவில்லை. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு கல்லாகிவிட்டது. ரோட்டோரம் ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். கல்பனாவின் வயிறு ஞாபகம் வந்தது. பெர்மனென்ட் போயிற்று என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சீரான, அவசரமில்லாத சத்தம். யார் என்று பார்க்காமலே தெரிந்தது. போகட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

காலடிச் சத்தம் நின்றது. அர்ஷத் குனிந்து அவன் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தி நீவினான். மோகன் வலியில் கத்தினான்.

"வா. என் பின்னாலயே வா. முந்தாதே, நிக்காதே."

"நீ போடா. உனக்கு இன்னா? எடம் உனக்குத்தான்."

"வாடான்னா." அர்ஷத் அவன் கையைப் பிடித்து இழுத்து நடக்க வைத்தான், பிறகு ஓட வைத்தான், ஓட்டம் என்று சொல்ல முடியாத ஓர் ஓட்டம். "பேசு. உங்க சித்தப்பா வரப்பு கதையச் சொல்லு. மூச்சு வாங்காம சொல்ற வேகத்துலதான் போவணும்."

மோகன் சொன்னான். முதலில் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "சித்தப்பா... வருவாரு... நைனா... மோர் குடின்னு..." கதை முன்னே போகப் போக வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. சித்தி மோரில் இஞ்சி தட்டிப் போடும் இடம் வந்தபோது ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் வந்தது. பஞ்சாயத்தில் சித்தப்பா கண்ணைத் துடைத்த இடத்தில் அர்ஷத் சிரித்தான். மோகனும் சிரித்துவிட்டான். சிரித்ததும் கால் லேசானது. பார்த்தால் மேடு முடிந்துவிட்டிருந்தது. எதிரே ஆர்.கே.பேட்டைக் கூரைகள் தெரிந்தன.

இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக இரண்டு பேரும் இறங்கினார்கள். அர்ஷத்தின் முகம் வெளுத்திருந்தது. நின்று நீவி, இழுத்து, தன் ஓட்டத்தைக் குலைத்துக்கொண்டு வந்ததில் இப்போது அவன்தான் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினான்.

"சேந்தே... கோட்டத் தாண்டலாம்... அப்பால யார எடுக்கறதுன்னு... அவனுங்க பாடு."

"சரி" என்றான் மோகன்.

மைதானம் தெரிந்தது. கொடி தெரிந்தது. மைக்கில் யாரோ பெயர்களைக் கத்துவது கேட்டது. மோகனின் தலைக்குள் பழைய குரல் எழுந்தது. சேர்ந்தே போகலாம் என்கிறான். நம்பிப் பக்கத்தில் ஓடு. கோட்டுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் காலை வைப்பான். அவன் முந்துவதற்கு முன்னால் நீ முந்திவிடு. அர்ஷத்தின் பின்னால் அவ்வளவு நேரம் ஒட்டி வந்ததில் சேர்ந்திருந்த தெம்பு முழுவதும் காலுக்கு வந்தது. மோகன் எகிறினான்.

அர்ஷத் கத்தவில்லை. துரத்தவும் இல்லை. மோகன் கோட்டைத் தாண்டி விழுந்து, மூச்சு வாங்கித் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது அர்ஷத் அதே சீரான அடியில் வந்துகொண்டிருந்தான்.

அந்த வாரம் ஜெயராஜ் மோகனை அறைக்குக் கூப்பிட்டார். பெர்மனென்ட் ஆர்டரைக் கையில் கொடுத்து, கையைக் குலுக்கினார். "உன் ஃப்ரெண்டுக்குத்தான்யா நீ தேங்க்ஸ் சொல்லணும். மோகனுக்கும் எனக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போடுங்க சார், அப்பத்தான் ரெண்டு பேரும் பழக முடியும்னு இங்க வந்து நின்னான். ஒருத்தனுக்குத்தான் மாத்த முடியும்னேன். அப்போ மோகனுக்குப் போடுங்க, அவன் ஊட்டுல புள்ளத்தாச்சின்னான். சரி போய்த் தொலைங்கன்னு ரெண்டு பேருக்குமே போட்டேன்."

மோகன் ஆர்டரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக ஓவர் பிரிட்ஜுக்குப் போனான்.

அர்ஷத் பாலத்தின் அடியில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். மோகன் பக்கத்தில் போய் நின்றான்.

"கோட்டுகிட்ட நீ ஏண்டா என்னைத் தொரத்தல?" என்று கேட்டுவைத்தான்.

"கால்ல ஒண்ணும் இல்ல. தீந்துபோச்சு."

"அப்போ மூணாவது மேட்டுல எனக்காக எதுக்கு நின்ன? நேராப் போயிருந்தா எடம் உன்னுதுதானே?"

அர்ஷத் நாடாவை இழுத்து முடிந்தான். "மொத மேடு முடிஞ்சதும் பொட்டலத்தப் பிரிச்சேன். கொட்டை இல்லாத பழமா இருந்துச்சு. ஓடறப்ப மோகன் பல்லுல மாட்டும்னு எங்க உம்மா உனக்குன்னு உக்காந்து கொட்டை எடுத்தது. எனக்குப் பழக்கம், கொட்டையோட போதும்னு நான்தான் சொன்னேன். உன் பழம் என் துணிக்கு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிக்கினே ஓடுனேன். ரெண்டாவது மேடு முடியறதுக்குள்ள புரிஞ்சிபோச்சு."

மோகனின் நாக்கு அன்று கொட்டை மாட்டிய பல்லைத் தேடிப் போயிற்று.

"உன்னத் தாண்டிப் போயி நான் ஜெயிச்சிருந்தா, அர்ஷத் ஏமாத்திட்டான்னு ஆயுசுக்கும் சொல்லிக்கினு இருப்பே. நீ சொல்ற சித்தப்பா கதைல அப்பால நானும் ஒருத்தன். அந்தப் பேரோட எனக்குப் பெர்மனென்ட் வேணாம். அதான் நின்னேன்."

"அர்ஷத்து..."

"வுடு. திங்கக்கெழமைலேர்ந்து வாப்பா கூட வேனுக்குப் போறேன். இன்னிக்குத்தான் இங்க கடைசி." எழுந்து பையில் கைவிட்டுப் பச்சைத் துணிப் பொட்டலத்தை எடுத்து மோகன் கையில் வைத்தான். "உன்னுது. உனக்குன்னு எடுத்தத நான் எப்படித் திங்கறது? அப்படியே கீது."

"சேந்து ஓடலாண்டா, இன்னிக்கு மட்டும்" என்றான் மோகன்.

"தனியாவே ஓடிக்கிறேன்."

அர்ஷத் பாலத்தில் ஏறினான். அதே நிதானம். பக்கத்தில் பேச ஆள் இல்லாததால் வாயை மூடிக்கொண்டே ஏறினான். லாரிகளுக்கு நடுவில் உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிட்டான்.

மோகன் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். அந்த உம்மாவை அவன் பார்த்ததுகூட இல்லை. முழு ஓட்டமும் வெறும் வயிற்றோடு ஓடியிருக்கிறான் அர்ஷத். ஒரு பழத்தை எடுத்தான். வாயில் போடுவதற்கு முன்னால் அவனை அறியாமல் விரல் அதைப் பிட்டுப் பார்த்தது. கொட்டை இல்லை. இரண்டாவதை எடுத்தான், அதையும் பிட்டுப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் கடைசிப் பழம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்துத்தான் அவனால் தின்ன முடிந்தது.